படம் வெட்டி எறியும் மூன்று மாதம்

பள்ளியில் எந்தக் கூட்டத்திலும் சேராத நாலு பிள்ளைகள் ராக் பேண்ட் தொடங்கும் படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டாலும் நடுவில் ஒரு பாட்டு கட்டாயம் வரும். பாட்டு தொடங்கும்போது டிரம் குச்சி கைநழுவி விழும், கித்தார் சுருதி சேராமல் அழும், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். மூன்று நிமிடத்தில் பாட்டு முடியும்போது நாலு பேரும் ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த காட்சி மேடை.

அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருட்டப்பட்டது குறைந்தது மூன்று மாத வேலை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில், அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு "நாமும் ஒன்று தொடங்கலாமா" என்று கேட்கும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று மாதத்தைப் பிரித்துக் காட்டத்தான் இந்தப் பதிவு. இசை ஆசிரியர் இல்லாத பள்ளிக்கும் இது பொருந்தும்.

முதலில் படம் செய்யும் ஒரு ஏமாற்று வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய படங்களில் பாட்டு பெரும்பாலும் முன்கூட்டியே பதிவாகிவிடும். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்கள் வாசிப்பதுபோல் செய்வார்கள். வசனம் கேட்க வேண்டிய இடத்தில் சிம்பலுக்கு ரப்பரோ நுரையோ வைத்துச் சத்தத்தை அடக்கிவிடுவார்கள். அதனால்தான் கார் நிறுத்தும் சின்னக் கொட்டகையில் டிரம்மர் முழு வேகத்தில் அடிக்கும்போதும், மைக் இல்லாமல் பாடும் பெண்ணின் ஒவ்வொரு சொல்லும் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது. நிஜ அறையில் இது நடக்காது. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. சிறிய அறையில் டிரம் 100ஐத் தாண்டும். பாடகரின் குரல் மூழ்கிப்போகும். குரல் கேட்கவில்லை என்று பாடகர் கத்துவார். கித்தார்காரர் தன் வாசிப்பு தனக்குக் கேட்கவில்லை என்று ஆம்பைக் (கித்தார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை) கூட்டுவார். அதைக் கேட்டு டிரம்மர் இன்னும் பலமாக அடிப்பார். மூன்றாவது வாரத்தில் "நமக்கு வராது" என்று கலைந்துவிடுவார்கள்.

புதிதாகத் தொடங்கும் பேண்டுகள் கலைவதற்குத் திறமைக் குறைவு அவ்வளவாகக் காரணமில்லை. ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஆள், அறை, கருவி, பாட்டு என எதைத் தேர்ந்தெடுத்தாலும் "இதனால் நாலு பேருக்கும் எல்லாம் கேட்குமா" என்ற ஒரே கேள்வியை வைத்து முடிவெடுங்கள்.

ஆளில் தொடங்குவோம். தோட்டத்து ஊர்ப் பள்ளியில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் யார் என்பது அங்கே படிக்கும் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப்பள்ளியிலிருந்து பெராலிஹான் என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு வழியாக வந்து, கூடப் படிப்பவர்களைவிட ஒரு வயது கூடுதலாக இருப்பவர். தோட்டம் விற்கப்பட்டு, லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து, மலிவுவிலை அடுக்குமாடிக்குக் குடும்பத்தோடு வந்தவர். கடைசி வகுப்பில் உட்கார்ந்து மேசையில் தாளம் தட்டி அடிவாங்குபவர். பாடவேண்டும் என்று ஆசையிருந்தும் திருவிழா மேடையில் பாட அழைக்கப்படாத பெண். படத்தில் வருவதுபோல இவர்களிடம் மறைந்திருக்கும் மேதைமை எதையும் தேடாதீர்கள். வாரம் இரண்டு நாள் சொன்ன நேரத்துக்கு வருவாரா என்று மட்டும் பாருங்கள். அப்படி வருகிற நாலு பேர் போதும்: டிரம், பேஸ் (தாழ்ந்த ஓசை தரும் கித்தார்), கித்தார், குரல். இரண்டாவது கித்தாரை முதல் ஆறு மாதம் சேர்க்காமல் இருப்பது நல்லது. இரண்டு கித்தாரும் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) ஒரே இடத்தில் வாசித்தால் சத்தம்தான் கூடும், பாட்டு வளராது.

டிரம்முக்கு ஆள் தேடினால் முதலில் உறுமி மேளக் குழுவைப் பாருங்கள். நம் தோட்டங்களில் தாளம் தெரிந்த பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் நடந்துகொண்டே தப்போ உறுமியோ அடித்துப் பழகிய கைக்கு உடல்வலுவும் உண்டு, மற்றவரைக் கேட்டு வாசிக்கும் பழக்கமும் உண்டு. இரண்டு விஷயம் மட்டும் மாற வேண்டும். மேளத்தில் நிறைய அடிகள் திஸ்ர நடையில், மூன்று மூன்றாக உருளும். ராக் பாட்டு பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில், ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டாகப் பிரிந்து நடக்கும். அடுத்தது, அழுத்தம் 2லும் 4லும் விழ வேண்டும். வாயால் "ஒண்ணு–ரெண்டு–மூணு–நாலு" என்று எண்ணிக்கொண்டு 2க்கும் 4க்கும் மட்டும் கைதட்டி ஒரு வாரம் பாட்டு கேட்கச் சொல்லுங்கள். பிறகு டிரம்மில் உட்காரட்டும். திருவிழாக் காலத்தில் அந்தப் பிள்ளைக்கு மேளத்துக்கு அழைப்பு வரும், அதில் கொஞ்சம் வருமானமும் இருக்கும். அந்த வாரங்களில் பயிற்சி வைக்காதீர்கள். மேளமா பேண்டா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது அநியாயம்.

டிரம் செட் முழுதாக வாங்க வேண்டிய அவசியமில்லை. பேஸ் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்), ஹைஹேட் (ஜோடிச் சிம்பல்) இந்த மூன்றும் இருந்தால் முதல் பத்துப் பாட்டையும் வாசித்துவிடலாம். பள்ளியில் பஞ்சராகம் எனப்படும் அணிவகுப்பு வாத்தியக் குழு இருந்தாலோ, முன்பு இருந்து கலைந்திருந்தாலோ, சாமான் அறையில் பழைய ஸ்னேரும் சிம்பலும் கிடக்க வாய்ப்புண்டு. பொறுப்பாசிரியரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் திருப்பிக் கொடுங்கள். பழைய ஸ்னேரின் தோலை இறுக்கும்போது வரிசையாகச் சுற்றிக்கொண்டே போகக் கூடாது. ஒரு திருகை கால் சுற்று திருகியதும் அதற்கு நேர் எதிரில் இருப்பதைக் கால் சுற்று. அப்படிக் குறுக்குக் குறுக்காகப் போனால்தான் தோல் சமமாக இழுபடும். ஒரே பக்கம் இறுகினால் 'டங்' என்ற ஓசை நீண்டுகொண்டே போகும். சமமாக இறுக்கிய பிறகும் ஓசை நீண்டால், விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே மடித்த டிஷ்யூவை டேப்பால் ஒட்டுங்கள். பேஸ் டிரம்முக்குள் பழைய தலையணை ஒன்று, இரண்டு தோலையும் இலேசாகத் தொடுகிற மாதிரி. தரையில் பாய் போதாது, கனமான கம்பளம் வேண்டும். சிமெண்டுத் தரையில் பேஸ் டிரம் அடிக்க அடிக்க முன்னால் நகரும், டிரம்மர் காலை நீட்டிக்கொண்டே போவார், வேகம் தடுமாறும்.

குச்சி 5ஏ அளவு எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதைவிட மெல்லிய 7ஏ சின்ன அறைக்கு நல்லது. இன்னும் சத்தம் குறைய வேண்டுமென்றால் சாத்தே குச்சிகளில் (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சிகளில்) 15 முதல் 19 வரை எடுத்து, கூர்முனைகளை வெட்டிவிட்டு, கைப்பிடியில் ஒரு கட்டு, நடுவில் ஒரு கட்டு என இறுக்கமாக டேப் சுற்றுங்கள். கடையில் ராட்ஸ் என்று விற்பது இதுதான். சத்தம் கண்கூடாகக் குறையும், தாளம் குறையாது. இரண்டு மூன்று பயிற்சிக்கு ஒருமுறை முனை சிதறும், புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். புதுப் பேண்டின் முதல் மாதம் முழுவதும் இந்தக் கட்டுக்குச்சியில்தான் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாடுபவருக்குத் தன் குரல் கேட்க இதைவிட மலிவான வழி கிடையாது.

கித்தார். பல வீடுகளில் அண்ணனோ மாமாவோ விட்டுப்போன கபோக் கித்தார் (மின்சாரம் தேவைப்படாத மலிவுக் கித்தார்) ஒன்று மூலையில் இருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். அதன் பெரிய குறை, கம்பி விரல் பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் நிற்பது. 12ஆம் ஃப்ரெட்டில் (விரல் பலகைக்குக் குறுக்கே பதித்த உலோகக் கோட்டில்) தடித்த கம்பிக்கு அடியில் அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் புது விரல் தாங்காது. இரண்டே வாரத்தில் பிள்ளை விட்டுவிடும். கழுத்து வளையாமல் நேராக இருந்தால், பிரிட்ஜில் (கம்பிகளின் அடிமுனை கட்டிய கட்டையில்) கம்பியைத் தாங்கி நிற்கும் வெள்ளை நிறச் சேடிலை எடுத்து, அதன் அடிப்பக்கத்தை மட்டும் மணல்தாளில் தேயுங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய வேண்டும். அரை அரை மில்லிமீட்டராகத் தேய்த்து மாட்டிப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள். அதிகம் போனால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், பிறகு புதுச் சேடில்தான் வாங்கவேண்டும். நைலான் கம்பிக்காகச் செய்த கித்தாரில் இரும்புக் கம்பி மாட்டவே கூடாது. இழுவிசை அதிகம், பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

பழைய எலெக்ட்ரிக் கித்தார் வாங்கப் போகிறவர்கள் மூன்றைச் சோதிக்க வேண்டும். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 17ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே சமயம் அழுத்திப் பிடித்து, 7ஆம் ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். ஒரு கெட்டித்தாள் நுழையும் அளவு இருந்தால் கழுத்து நலம். இடைவெளியே இல்லையென்றால் பின்னால் வளைந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் வந்தால் முன்னால் வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி இதைச் சரிசெய்யலாம். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். இறுகிப்போய் நகராவிட்டால் பலம் போடாமல் அந்தக் கித்தாரை விட்டுவிடுங்கள். இரண்டாவது, ஆம்பில் செருகி வயரை அசைத்துப் பாருங்கள். கரகரப்பு வந்தால் வயர் செருகும் ஜேக் தளர்ந்திருக்கிறது. சாலிடர் வைக்கத் தெரிந்த எந்த ரேடியோ கடைக்காரரும் சரிசெய்துவிடுவார், அதற்காக நல்ல கித்தாரை வேண்டாம் எனாதீர்கள். மூன்றாவது, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் தட்டுங்கள். சில இடத்தில் மட்டும் ஓசை செத்துப் போனால் ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது, அது செலவான வேலை.

கம்பி 9 அல்லது 10 அளவு போதும். புதுக் கம்பி மாட்டியதும் விரலால் மெதுவாக மேலே இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, நாலைந்து முறை இப்படிச் செய்தால்தான் நிலைக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிக்கு மேலும் கீழும் துடைப்பது அரை நிமிட வேலை. அதைச் செய்தால் கம்பியின் ஆயுள் நன்றாகவே கூடும்.

எந்தக் கார்டைப் பழகுவது? ஈ மைனர், சி, ஜி, டி இந்த நாலில் தொடங்குங்கள். கையில் நிமிடத்துக்கு 30 மாற்றம் பிசிறில்லாமல் வந்துவிட்டால் அந்த நாலையும் வைத்துப் பேண்டில் வாசிக்கலாம். அதுவரை பவர் கார்டு உதவும்: மூல சுரமும் அதன் ஐந்தாவதும் மட்டும், இரண்டு விரல். மேஜரா மைனரா என்ற கேள்வியே அதில் எழாது, டிஸ்டார்ஷனிலும் (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பிலும்) தெளிவாக நிற்கும். டிஸ்டார்ஷன் குமிழைப் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது முழு டிஸ்டார்ஷன் பெரிதாகத் தோன்றும். டிரம்மும் பேஸும் சேர்ந்ததும் அது வெறும் இரைச்சலாகக் கரைந்துவிடும்.

பேஸ் வாசிப்பவருக்கு ஒரே கட்டளை: பேஸ் டிரம் விழும் இடத்தில் விரல் விழ வேண்டும். கார்டின் மூல சுரத்தை மட்டும் அந்த இடங்களில் வாசித்தாலே பேண்ட் நிமிர்ந்து நிற்கும். பேஸ் கித்தாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கித்தாரின் தடித்த கம்பி 82. இந்த வித்தியாசம் தெரியாமல் பேஸைச் சின்னக் கித்தார் ஆம்பில் செருகிக் கூட்டினால் ஸ்பீக்கர் கோன் கிழியும். பேஸ் ஆம்ப் இல்லாவிட்டால் கீபோர்டு ஆம்பில் போடலாம். மேடைக்கு வைக்கும் பி.ஏ. ஸ்பீக்கரிலும் அளவாகப் போடலாம்.

ஆம்புக்கு எத்தனை வாட்? கட்டுக்குச்சியில் டிரம் அடித்தால் கித்தாருக்கு 15 வாட் போதும். முழுக் குச்சிக்கு மாறினால் 30 முதல் 40. பேஸுக்கு 100. ஆம்பைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும், வாசிப்பவர் கேட்கவில்லை என்று கூட்டுவார், எதிரில் நிற்பவர் காது அடைக்கும். நாற்காலியில் ஏற்றி, வாசிப்பவரின் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். குமிழைத் தொடாமலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

குரலுக்குத் தோட்டத்தில் யார் வீட்டிலாவது இருக்கும் கரோக்கே செட்டே முதல் மூன்று மாதத்துக்குத் தாங்கும். எக்கோவை முழுவதும் அணையுங்கள். பயிற்சியில் எக்கோ சுருதிப் பிழையை மறைத்துவிடும். வயர் வைத்த டைனமிக் மைக் வேண்டும், உதட்டுக்கு இரண்டு விரல் தூரம். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் மைக் பின்பக்கச் சத்தத்தை ஒதுக்கும் திறனை அது கெடுத்துவிடும், ஊளை வரும். ஸ்பீக்கர் பாடகருக்கு முன்னால், வெளிப்பக்கம் பார்த்து இருக்கவேண்டும். பாடகர் தன்னைக் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கரை மைக்கின் முதுகுக்கு நேரே வையுங்கள்.

அறைக்கு வருவோம். தோட்டத்து ஊரில் இதுதான் மிகக் கஷ்டமான பகுதி. பாலாய் ராயா (ஊர்ப் பொது மண்டபம்), கோயில் மண்டபம், யாராவது வீட்டுப் பின்கட்டு, பள்ளியின் இசையறை இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும். ஈப்போவில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோக்கள் (பேண்ட் பயிற்சி அறைகள்) உண்டு, ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் போய்வர வேண்டும். மாதம் ஒருமுறை, மேடைக்கு முந்தைய ஒத்திகைக்கு அது சரி.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் மரியாதை வேண்டும். பால்மரம் வெட்டுபவர்கள் விடியுமுன் எழுந்து போகிறவர்கள்; மதியம் 2 முதல் 4 வரை அவர்கள் தூங்கும் நேரம். ஆலையில் இரவு வேலை பார்ப்பவர்களுக்குக் காலைதான் இரவு. சூராவ் (சிறிய தொழுகை இடம்) பக்கத்தில் இருந்தால் மஃரிப் பாங்குக்கு முன்னால் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கோயில் மாலைப் பூசை நேரமும் அப்படியே. கூட்டிக் கழித்தால் சனி, ஞாயிறில் மாலை 4.30 முதல் 6.30 வரைதான் மிஞ்சும். அதுவே போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் காது களைத்து எல்லோரும் சத்தத்தைக் கூட்டத் தொடங்குவார்கள். பக்கத்து வீடுகளுக்கு முதலிலேயே போய், எந்த நாள், எத்தனை மணி வரை என்று சொல்லிவிட்டு வாருங்கள். புகார் வந்த பிறகு போவதில் பயனில்லை.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. போகும். அட்டை உச்ச ஓசைகளைக் கொஞ்சம் உறிஞ்சுமே தவிர எதையும் தடுக்காது. தீப்பிடித்தால் மளமளவென எரியும். அறைக்குள் எதிரொலி குறைய மெத்தையும் கம்பளியும் துணி தொங்கவிட்ட கயிறும்தான் வழி. டிரம்மருக்குப் பின்னால் ஒரு மெத்தை, பாடகருக்கு எதிர்ச்சுவரில் ஒரு கம்பளி. வெளியே போகும் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ஜன்னல் இடுக்கை அடையுங்கள், கட்டுக்குச்சிக்குத் திரும்புங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பயிற்சியை நிறுத்திவிட்டு வரி மனப்பாடம் செய்யுங்கள். இடி இடித்தால் எல்லாப் பிளக்கையும் இழுத்துவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மின்சாரத்தில் ஒரு கணக்கு. ஒரு 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட் தாங்கும். கித்தார் ஆம்ப், பேஸ் ஆம்ப், கரோக்கே செட் எல்லாம் சேர்ந்தாலும் 1,000 வாட்டைத் தாண்டாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்தே எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். வெவ்வேறு பிளக்கில் போட்டு, அதில் ஒன்றின் எர்த் கெட்டிருந்தால், கித்தாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு வைக்கும்போது ஷாக் அடிக்கும். இரைகிறது என்பதற்காக எர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் உயிருக்கு ஆபத்து. பாலாய் ராயாவில் யாராவது அதே எக்ஸ்டென்ஷனில் தண்ணீர்க் கெண்டியைச் செருகினால் அது ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். கெண்டிக்கு வேறு பிளக் காட்டுங்கள். சுருள் எக்ஸ்டென்ஷனை முழுவதும் அவிழ்த்துப் போடவேண்டும், சுருளாகவே விட்டால் சூடேறும். கித்தார் தொடர்ந்து 'ம்ம்ம்' என்று முனகினால் முதலில் குழல்விளக்கையும் மின்விசிறி ரெகுலேட்டரையும் அணைத்துப் பாருங்கள். பிறகு வாசிப்பவரை அப்படியே கால் வட்டம் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் முனகல் அடங்கும்.

பாட்டுத் தேர்வில்தான் ஆசை அதிகம் ஏமாற்றும். தமிழ்த் திரைப்பாட்டுகளில் நிறைய, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின் கூட்டம், புல்லாங்குழல், தாள மாற்றம் என்று நிறைந்திருக்கும். நாலு பேர் அப்படியே வாசிக்க முடியாது. நாலு கார்டுக்குள் சுழலும் பல்லவி உள்ள பாட்டை எடுத்து, இடையிசையைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு கித்தார் வரியை நீங்களே போடுங்கள். 13 முதல் 15 வயதுப் பையன்களுக்குக் குரல் உடையும் காலம். அசல் சுருதியில் பாட வற்புறுத்தினால் தொண்டை கெடும். பாடகர் வசதியாக எட்டும் மிக உயர்ந்த சுரத்தை முதலில் கண்டுபிடித்து, பாட்டின் உச்சம் அதற்கு ஒரு படி கீழே விழும்படி சுருதியை இறக்குங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்க வேண்டியிருக்கும். மலாய் ராக் பாலட் ஒன்றைச் சேர்ப்பது நல்ல யோசனை. 1981இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய சர்ச் (Search) போன்ற ராக் குழுக்களின் பாட்டு பள்ளியில் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் தெரியும், கூடவே பாடுவார்கள். நம்மவர்கள் மலாய்ப் பாட்டில் நாடறிந்த பேண்டாக நிற்க முடியும் என்பதற்குப் பினாங்கில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் நடத்திய அல்லிகேட்ஸ் (Alleycats) இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

மேடைக்கு மூன்று பாட்டு போதும். மே 16 ஆசிரியர் தினம்தான் முதல் மேடைக்கு ஏற்ற நாள். அதற்குப் பன்னிரண்டு வாரம் முன்பே தொடங்கினால், முதல் நாலு வாரம் ஆளுக்கு ஆள் தனியாக, தினமும் 20 நிமிடம், வேகத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் செயலியோடு. அடுத்த நாலு வாரம் ஒரே ஒரு பாட்டை எல்லோரும் சேர்ந்து. கடைசி நாலு வாரத்தில் மற்ற இரண்டும். சேர்ந்து வாசிக்கும்போது முதலில் டிரம்மும் பேஸும் மட்டும் பாட்டு முழுவதையும் வாசிக்கட்டும், பிறகு கித்தார், கடைசியில் குரல். பாட்டின் அசல் வேகத்தில் முக்கால் பங்கில் தொடங்குங்கள். வேகம் எங்கே ஓடும் என்பது ஏறக்குறைய எல்லாப் பேண்டுக்கும் ஒன்றுதான்: டிரம் ஃபில் (நேரடி அடிக்கு நடுவே இட்டு நிரப்பும் உருட்டு) போடும் இடம், பல்லவி திரும்பும் இடம். நாலு எண்ணிக்கை கொண்ட மூன்று சுற்று நேரடி அடி, நாலாவது சுற்று ஃபில் என்று அதை மட்டும் பத்து நிமிடம் சுற்றுங்கள். தவறு வந்தால் நிறுத்தாமல் கடைசிவரை போகும் பழக்கம் ஆறாவது வாரத்திலிருந்தே வரவேண்டும். ஒவ்வொரு பயிற்சியையும் கைப்பேசியில் பதிவுசெய்து, வீட்டுக்குப் போன பிறகு கேளுங்கள். அறைக்குள்ளேயே கேட்டால் சண்டை வரும்.

காதைக் காப்பாற்றுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மருந்துக்கடை நுரை அடைப்பான் எல்லோருக்கும், டிரம்மருக்குக் கட்டாயம்.

பள்ளியில் அனுமதி கேட்கும் கடிதம் பொறுப்பாசிரியர் கையெழுத்தோடு, புறப்பாடத் துணை முதல்வர் வழியாக முதல்வருக்குப் போகட்டும். 'ராக்' என்ற சொல்லுக்குப் பெரியவர்களிடம் இன்னும் ஒரு தயக்கம் உண்டு. 1992இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்குத் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் காலத்தில் அரசு வானொலி, தொலைக்காட்சி நிலையமான ஆர்.டி.எம். கதவைச் சாத்தியது அப்பாக்களுக்கு நினைவிருக்கும். ஆகவே கடிதத்தில் இசைக்குழு என்றே எழுதி, மூன்று பாட்டின் வரிகளையும், பயிற்சி நாள், இடம், உடன் இருக்கும் பெரியவர் பெயரையும் இணைத்துவிடுங்கள். கட்டொழுங்கு ஆசிரியர் மேடையில் முதலில் பார்ப்பது முடியையும் சட்டையையும்தான். அந்த இரண்டில் சண்டை போடாமல் இருந்தால் பாட்டுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும்.

பள்ளி மண்டபம் காலியாக இருக்கும்போது பயங்கரமாக எதிரொலிக்கும். பயந்து சத்தத்தைக் கூட்டாதீர்கள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் பாதி அடங்கிவிடும். சோதிக்கும் வரிசை: பேஸ் டிரம், ஸ்னேர், பேஸ், குரல், கடைசியில் கித்தார். குரலை வைத்துவிட்டு அதற்குக் கீழே கித்தாரை வைக்கவேண்டும். பையில் இருக்கவேண்டியவை: மெல்லிய இரண்டு கம்பிகளில் உபரி, இரண்டு வயர், 9 வோல்ட் பேட்டரி, துணி டேப், டிரம் தோலின் திருகைத் திருப்பும் சாவி. கித்தாரின் ஓசையை மாற்றும் பெடலில் வயர் செருகியே இருந்தால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீரும். மேடை ஏறும்போதுதான் செருகுங்கள். தரை வயர்களை டேப்பால் ஒட்டுங்கள். டிரம்மர் குச்சியால் நாலு எண்ணும்போது மூன்று பேரும் அவரைப் பார்க்கவேண்டும், கூட்டத்தை அல்ல. முதல் பாட்டு, இருப்பதில் எளிதானதாக இருக்கட்டும். பதற்றத்தில் கை குளிர்ந்திருக்கும், வேகம் தானாகக் கூடும்.

பெரும்பாலான பள்ளி பேண்டுகள் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் பொதுத்தேர்வு) முன்தேர்வு நெருங்கும்போது நின்றுபோகும். அதைத் தடுக்கவும் தேவையில்லை. ஆனால் நாலாம் படிவத்தில் இருக்கும்போதே இரண்டாம், மூன்றாம் படிவத்திலிருந்து ஆளுக்கு ஒருவரைப் பயிற்சிக்குக் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள்: சுருதி, வேகம், கார்டு வரிசை, யார் எங்கே நிறுத்துகிறார், ஆம்பின் குமிழ் எந்த எண்ணில் இருந்தது. யாருடைய கருவி எது, பள்ளிக்குச் சொந்தமானது எது என்று தனியே ஒரு பட்டியல், ஆசிரியர் கையெழுத்தோடு. கித்தாரை மூடி வைக்கும் முன் கம்பியை ஒரு சுரம் தளர்த்தி, பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். டிரம்மைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரம் இழுத்துத் திருகுகள் துருப்பிடித்துவிடும், அடுத்து வரும் பிள்ளைகளால் தோலை மாற்றவே முடியாது.